எட்டெழுத்துப் பேட்டைகள்

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருமுனையில் இருக்கும் மளிகைக் கடைக்குப் பில் போடும் மென்பொருளை எழுதிக் கொடுத்தவன் நான். பகலில் பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள ஒரு நிறுவனத்தில் வேலை; கடைக்கான வேலை இரவுகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் நடந்தது. பைத்தான் என்ற நிரல்மொழி, எஸ்க்யூலைட் என்ற சிறிய தரவுத்தளம், 58 மில்லிமீட்டர் தாள் ஓடும் ஒரு தெர்மல் பிரிண்டர், இவ்வளவுதான் அதன் மூலதனம். கடைக்கார அண்ணாச்சி விதித்த நிபந்தனை ஒன்றே ஒன்று. பில் தமிழில் இருக்க வேண்டும்; ஏனென்றால் வீடுகளுக்குச் சாமான் கொண்டுபோகும் பையனும், வாசலில் நின்று அதைச் சரிபார்த்து வாங்கும் பாட்டிகளும் தமிழில்தான் படிப்பார்கள். பத்தாண்டுகளுக்கு மேலாக நிரல் எழுதுகிறவன் என்ற தைரியத்தில் யோசிக்காமல் ஒப்புக்கொண்டேன். அதன் பிறகு நான் செய்த பிழைகளையும் அவற்றைத் திருத்திய விதத்தையும் இங்கே எழுதி வைக்கிறேன். தமிழ்ப் பெயர்களைச் சேமிக்கவோ, தேடவோ, அச்சிடவோ வேண்டிய எந்த மென்பொருளை எழுதுகிறவருக்கும் இவற்றில் பாதியாவது பயன்படும்.

பில்லில் ஏரியா என்று ஒரு பத்தி உண்டு. கடையின் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் மூன்று பகுதிகளில் இருப்பவர்கள்: வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை. விரல் விட்டு எண்ணினேன். வ, ண், ணா, ர, ப், பே, ட், டை, எட்டு. மற்ற இரண்டும் எட்டெழுத்தாகவே அமைந்தது எனக்கு வியப்பாகக்கூட இருந்தது. எட்டெழுத்துக்குப் பத்து இடம் தாராளம் என்று எண்ணி, பத்துக்கு மேல் போனால் வெட்டிவிடும்படி எழுதினேன். முதல் நாள் பில்லில் முதலாவது ‘வண்ணாரப்பே’ என்றும், இரண்டாவது ‘தண்டையார்ப’ என்றும், மூன்றாவது ‘கொருக்குப்’ என்றும் வந்து நின்றன. பையனுக்கு அது புரிந்துவிட்டது, அண்ணாச்சிதான் பில்லைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “பேட்டை எங்க தம்பி போச்சு?” என்றார்.

பேட்டை போன இடம் யூனிகோட், அதாவது உலக மொழிகளின் எழுத்துகளுக்குக் கணினியில் குறியெண் என்ற ஓர் எண்ணைக் கொடுக்கும் முறை. யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கப்பட்டவை 128 இடங்கள். நாம் பள்ளியில் படித்த 247 எழுத்துகளுக்கும் அதில் தனித்தனி இடம் கிடையாது. உயிரெழுத்துகளுக்கும், ஆய்தத்துக்கும், அகரமேறிய மெய்களுக்கும், துணைக்கால், கொம்பு, புள்ளி போன்ற குறிகளுக்கும், தமிழ் இலக்கங்கள் போன்ற சிலவற்றுக்கும் மட்டுமே குறியெண் உண்டு. ‘ணா’ என்பது ணகரம் ஒன்று, துணைக்கால் ஒன்று என இரண்டு குறியெண்கள். ‘ட்’ என்பது டகரமும் புள்ளியுமாக இரண்டு. நீளம் சொல்லும் பைத்தானின் லென் எண்ணுவது இந்தக் குறியெண்களைத்தான். ஆகவே வண்ணாரப்பேட்டையின் நீளம் 14, தண்டையார்பேட்டையின் நீளம் 15, கொருக்குப்பேட்டையின் நீளம் 16. கண்ணுக்கு எட்டெழுத்தாகத் தெரியும் மூன்று ஊர்கள், நிரலுக்கு மூன்று வெவ்வேறு நீளம் உடையவை. இந்த அமைப்பு ஐஎஸ்சிஐஐ என்ற இந்தியக் குறியாக்கத்தின் வழியில் வந்தது. ஒவ்வோர் எழுத்துக்கும் தனி இடம் தரும் டேஸ் 16 என்ற குறியாக்கமும் இருக்கிறது. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடையும் அதையும் சேர்த்தே ஏற்றது. எது சிறந்தது என்ற விவாதத்தில் எனக்கும் ஒரு கருத்து உண்டு. ஆனால் நம் கையில் இருக்கும் தரவுத்தளமும், போனும், பிரவுசரும் பேசுவது யூனிகோடை என்பதால், அந்த விவாதத்தால் எந்தப் பில்லும் சரியாகப் போவதில்லை.

குறியெண்களோடு கணக்கு முடிவதில்லை. கோப்பிலோ வலையிலோ போகும்போது யூடிஎஃப்-8 வடிவத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணும் மூன்று பைட் எடுக்கும். வண்ணாரப்பேட்டை 42 பைட், கொருக்குப்பேட்டை 48 பைட். மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரஸ் ஆகிய தரவுத்தளங்களில், எழுத்துகளைச் சேமிக்கும் வார்சார் வகைப் பத்திக்குக் கொடுக்கும் எண் குறியெண்களைக் குறிப்பதால் இது உறைக்காது. ஆரக்கிள் தரவுத்தளத்தில் உறைக்கும். அங்கே வார்சார்2 30 என்று எழுதினால், இயல்பான அமைப்பில் அது 30 பைட்டையே குறிக்கும். பத்துத் தமிழ்க் குறியெண்களோடு இடம் நிரம்பிவிடும். பகல் வேலையில் ஒருமுறை ஓஆர்ஏ-12899 என்ற பிழைச்செய்தி தமிழ்ப் பெயர்களுக்கு மட்டும் வந்துகொண்டிருந்ததை நாங்கள் இரண்டு நாள் துருவியிருக்கிறோம். ஆங்கிலப் பெயர்களை மட்டும் கொண்டு சோதித்த அட்டவணை அது. எண்ணுக்குப் பக்கத்தில் ‘சார்’ என்ற சொல்லைச் சேர்த்துப் பத்தியை அறிவித்திருந்தால் அந்த இரண்டு நாளும் மிச்சமாகியிருக்கும்.

குறுஞ்செய்தியில் இதே கணக்குக்கு நேரடியாகக் காசு போகிறது. ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட். ஆங்கிலத்தை ஏழு பிட் குறியாக்கத்தில் அடக்கினால் 160 எழுத்து கொள்ளும். தமிழுக்கு ஒரு குறியெண்ணுக்கு இரண்டு பைட் வீதம் 70தான் கொள்ளும். 70ஐத் தாண்டினால், துண்டுகளை ஒட்டுவதற்கான தலைப்புக்கு ஆறு பைட் போக, துண்டுக்கு 67 என்று ஆகி இரண்டு செய்திக்கான கட்டணம் விழும். “வணக்கம் மணி. உங்கள் கணக்கில் பாக்கி ரூ.450. நன்றி. தண்டையார்பேட்டை” என்று அனுப்பினால் 66 ஆகிறது, ஒரு செய்திக்கான காசு. மணி இருந்த இடத்தில் முத்துலட்சுமியை வைத்தால் 76. இரண்டு செய்திக்கான காசு. பெயர் நீளமாக இருப்பதற்காக ஒருவருக்கு இரட்டிப்புச் செலவு என்பதை அண்ணாச்சிக்கு விளக்க முயன்று தோற்றேன். ஊர்ப் பெயரை எடுத்துவிட்டேன். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். முழுவதும் ஆங்கிலத்தில் இருக்கும் செய்தியில் ரூபாய்க்கான புதிய குறியீட்டை ஒரே ஓர் இடத்தில் போட்டாலும், அந்தக் குறி ஏழு பிட் எழுத்துத் தொகுதியில் இல்லாததால், செய்தி முழுவதும் 70 கணக்குக்கு இறங்கிவிடும். ஆங்கில எழுத்தில் ‘ஆர்எஸ்’ என்று எழுதுவது பழைய பாணிதான், ஆனாலும் மலிவு.

வெட்ட வேண்டிய கட்டாயம் இருந்தால் எழுத்தின் எல்லையில் வெட்ட வேண்டும். யூனிகோடின் மொழியில் அதற்குக் கிராஃபீம் கிளஸ்டர் என்று பெயர். பைத்தானோடு வரும், எழுத்து வடிவங்களைத் தேடும் ஆர்ஈ மாட்யூலுக்கு அது தெரியாது. பிப் வழியாக நிறுவும் ரெஜெக்ஸ் மாட்யூலில் பின்சாய்கோடும் பெரிய எக்ஸும் சேர்ந்த குறி ஒரு முழு எழுத்தைப் பிடித்துத் தரும். ஜாவாஸ்கிரிப்டில் இன்டில் செக்மென்டர் அந்த வேலையைச் செய்கிறது. இது வெட்டுவதற்கு மட்டும் தேவைப்படுவதன்று. தலைப்பெழுத்து எடுக்கும் இடத்தில் பெரும்பாலான செயலிகள் எழுத்துச் சரத்தின் முதல் குறியெண்ணை எடுத்து வைத்துக்கொள்கின்றன. முருகனின் மகளுக்குத் தலைப்பெழுத்து ‘மு’ என்று வர வேண்டும். ‘ம’ என்று வருகிறது. பெயருக்குப் பக்கத்தில் வண்ண வட்டத்துக்குள் ஓர் எழுத்தைக் காட்டும் செயலி உங்களிடம் இருந்தால், சுப்பிரமணி என்று தட்டிப் பாருங்கள். வட்டத்துக்குள் ‘ச’ வந்தால் அந்த நிரலை எழுதியவர் என்னைப் போல விரலை நம்பியவர்.

அச்சு வேறு உலகம். பெரும்பாலான தெர்மல் பிரிண்டர்களின் உள்ளே இருக்கும் எழுத்துத் தொகுதிகளில் ஆங்கிலமும் சில ஐரோப்பிய எழுத்துகளும் இருக்கும், தமிழ் கிடையாது. எனவே பில்லை ஒரு படமாக வரைந்துதான் அனுப்ப வேண்டும். 58 மில்லிமீட்டர் பிரிண்டரில், ஓரங்கள் போக அச்சாகும் அகலத்தில் 384 புள்ளிகள். மில்லிமீட்டருக்கு எட்டுப் புள்ளி. பைத்தானில் பில்லோ என்ற நூலகத்தைக் கொண்டு, 384 புள்ளி அகலமுள்ள கருப்பு வெள்ளைப் படத்தில் எழுதினேன். என் லேப்டாப்பில் அழகாக வந்தது. கடைக் கணினியில் அதே நிரல், அதே எழுத்துரு. ஆனால் பேட்டையின் இரட்டைக்கொம்பு பகரத்துக்கு முன்னால் நிற்பதற்குப் பதிலாகப் பின்னால் போய் நின்றது, டையின் கொம்பும் அப்படியே. கொம்பு குறியெண் வரிசையில் மெய்க்குப் பின்னால் இருப்பது. கண்ணுக்கு முன்னால் தெரிய வேண்டியது. அந்த இடமாற்றத்தைச் செய்வது ஹார்ஃப்பஸ் போன்ற எழுத்து வடிவமைப்பு இயந்திரம். பில்லோ அதை ராக்ம் என்ற துணை நூலகத்தின் வழியாக அழைக்கிறது. ராக்ம் கிடைக்காவிட்டால் பில்லோ எந்தப் பிழையும் எழுப்பாமல், குறியெண்களை வந்த வரிசையிலேயே வரைந்து கொடுத்துவிடும். கடையின் விண்டோஸ் கணினியில் ராக்முக்குத் தேவையான ஒரு கோப்பு இல்லை. இப்போது நிரல் தொடங்கும்போதே பில்லோவின் ஃபீச்சர்ஸ் மாட்யூலைக் கேட்டு, ராக்ம் இல்லையென்றால் பில் போட மறுத்துவிடும்படி வைத்திருக்கிறேன். பிழையான தமிழை அச்சிட்டுக்கொண்டே இருப்பதை விட நின்றுபோவது மேல் என்பது என் கட்சி. அண்ணாச்சிக்கு இதில் உடன்பாடில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

படமாக வரைகிறபோது பத்திகளை நேராக நிறுத்துவதற்கும் பழைய வழி உதவாது. பெயரைத் தொடர்ந்து இருபது இடம் வரும்வரை வெற்றிடம் நிரப்பு என்று எழுதும் வழக்கம், எல்லா எழுத்தும் ஒரே அகலம் என்ற ஆங்கிலத் தட்டச்சுக் காலத்து நம்பிக்கை. ‘ர’ ஒடுங்கி இருக்கும், ‘ணை’ விரிந்து கிடக்கும். எனவே ஒவ்வொரு சொல்லையும் எழுத்துருவைக் கொண்டு அளந்து, விலையை வலது ஓரத்திலிருந்து கழித்து வைக்க வேண்டும். இதைச் செய்த பிறகு ஏரியா பத்தியை நான் எண்ணிக்கையால் வெட்டுவதே இல்லை. அகலத்தில் அடங்காத பெயர் அடுத்த வரிக்குப் போகிறது. தாள் கூடுதலாகச் செலவாவது சில மில்லிமீட்டர்.

இதுவரை சொன்னவை எல்லாம் கண்ணுக்குத் தெரிந்த பிழைகள். கண்ணுக்குத் தெரியாதது பற்று வரவில் வந்தது. மாதக் கணக்கு வைத்திருக்கும் ஓர் அம்மா. பெயர் கௌரி என்று வைத்துக்கொள்வோம். பாக்கி 1,840 ரூபாயைக் கட்டிவிட்டுப் போனவருக்கு, மறுவாரம் பாக்கி 1,840 ரூபாய் என்று குறுஞ்செய்தி போயிருக்கிறது. அவர் கடைக்கு வந்து நின்றார். அண்ணாச்சி திரையில் தேடினார், பாக்கி இருந்தது. பிறகு பட்டியலை முழுவதும் உருட்டிப் பார்த்தபோது அதே பெயரில் இன்னொரு கணக்கு, அதில் 1,840 வரவு. “ஒரே ஆளு, ஒரே பேரு, ரெண்டு கணக்கு எப்படி தம்பி?” என்று போனில் கேட்டார். அன்று மாலை கடைக்குப் போய், இரண்டு பெயர்களையும் குறியெண் குறியெண்ணாகப் பிரித்து அச்சிட்டுப் பார்த்தேன். முதல் பெயரில் ககரம், ஔகாரக் குறி, ரகரம், இகரக் குறி என நான்கு. இரண்டாவதில் ககரம், ஒற்றைக்கொம்பு, ளகரம், ரகரம், இகரக் குறி என ஐந்து. ஔகாரத்தின் கொம்புக்கால் பார்வைக்கு ளகரம் போலவே இருப்பதால், கொம்பைப் போட்டு ளகரத்தைத் தட்டுகிறவர்கள் நம்மிடையே ஏராளம். இதைத் தவறு என்று கடைப் பையனிடம் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. அவன் பார்த்ததைத்தான் தட்டினான்.

இதே வாரத்தில்தான் ஏரியா வாரியான விற்பனை அறிக்கையில் கொருக்குப்பேட்டை இரண்டு முறை வருவதையும் கவனித்தேன். இது வேறு வகை. ‘கொ’ என்பதை ககரமும் ஒகரக் குறியும் என இரண்டு குறியெண்ணாகவும் எழுதலாம். ககரம், ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என மூன்றாகவும் எழுதலாம். சில விசைப்பலகைகளும் பழைய எழுத்துரு மாற்றிகளும் இரண்டாவது வழியில் தருகின்றன. ஒன்றின் நீளம் 16, மற்றொன்றின் நீளம் 17. திரையில் ஒரு மயிரிழை வித்தியாசம் இருக்காது. இவை இரண்டும் ஒன்றே என்று யூனிகோடே சொல்கிறது. பைத்தானின் யூனிகோட்டேட்டா மாட்யூலில் உள்ள நார்மலைஸுக்கு என்எஃப்சி என்று கொடுத்தால் இரண்டையும் 16ஆக ஆக்கிக் கொடுத்துவிடும். வெளியிலிருந்து உள்ளே வரும் ஒவ்வொரு சரமும் தரவுத்தளத்தைத் தொடும் முன் இந்த ஒரு வரியைக் கடந்தாக வேண்டும் என்பதை விதியாக வைத்துக்கொள்ளுங்கள். தேடும்போது தட்டும் சொல்லும் அதே வரியைக் கடக்க வேண்டும். இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஆனால் என்எஃப்சி கௌரிக்கு உதவாது. ஔகாரக் குறியும், கொம்பு கூட்டிய ளகரமும் யூனிகோடின் பார்வையில் வெவ்வேறு எழுத்துகள். ஒன்றாக்க அதற்கு அதிகாரமில்லை. நானே ஒன்றாக்கிவிடுவது என்று துணிந்து, ஒற்றைக்கொம்பை அடுத்து ளகரம் வருமிடமெல்லாம் ஔகாரக் குறியாக மாற்றும் ஒரு வரியைப் போட்டு, தரவுத்தளம் முழுவதும் ஓட்டிவிட்டு இரவு பதினோரு மணிக்கு நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் கடையில் வெள்ளைப்பூண்டு இல்லை. வெள்ளரிக்காயும் இல்லை. திரையில் வகரத்துக்கு இருபுறமும் ஔகாரம் ஒட்டிக்கொண்டு, நடுவில் புள்ளிகளாலான ஒரு வட்டம் அநாதையான மெய்ப்புள்ளியைத் தாங்கி நின்றது. ‘வெள்’ என்பதிலும் கொம்புக்குப் பின்னால் ளகரம்தான் வருகிறது என்பது நடு இரவில் தோன்றவில்லை. நல்ல வேளையாக எஸ்க்யூலைட் கோப்பின் முந்தைய நாள் நகல் இருந்தது; கோப்பைத் திருப்பி வைத்துக் கடையைத் திறந்தோம்.

பிறகு வகுத்த வழி இதுதான். தட்டிய பெயரை என்எஃப்சி தவிர வேறெதுவும் செய்யாமல் அப்படியே ஒரு பத்தியில் வைக்கிறேன். அச்சுக்கும் திரைக்கும் அதுவே போகும். பக்கத்தில் தேடல்சாவி என்று இன்னொரு பத்தி. அது மனிதர் கண்ணுக்கு ஒருபோதும் வராது. சாவியைச் செய்யும்போது முதலில் அகலமில்லா இணைப்பி, அகலமில்லாப் பிரிப்பி போன்ற கண்ணுக்குத் தெரியாத குறியெண்களை நீக்குகிறேன். இணையத்திலிருந்து ஒட்டும் சரங்களில் இவை ஒளிந்து வரும். அதற்குப் பிறகே என்எஃப்சி, ஏனென்றால் நடுவில் ஒளிந்திருக்கும் குறி, கொம்பையும் காலையும் சேரவிடாது. பிறகு கொம்பும் ளகரமும் சேர்ந்து வந்து, அந்த ளகரத்தின் மேல் வேறு உயிர்க்குறியோ புள்ளியோ ஏறாதிருந்தால் மட்டும் ஔகாரம் ஆக்குகிறேன். கெளரி கௌரி ஆகிறது. மெளலி மௌலி ஆகிறது. வெள்ளரியும் தெளிவும், காசிமேட்டில் கூறுகட்டி விற்கும் கெளுத்தியும் தப்பித்துக்கொள்கின்றன. இந்த விதி எங்காவது தவறினாலும் சாவியில்தான் தவறும், பெயரில் தவறாது.

சாவியில் சேர்த்த இன்னொரு விதி ஸ்ரீக்கு. ஸகரத்தில் தொடங்கி எழுதுவது பழைய வழக்கம். 2005இல் வந்த யூனிகோட் 4.1இல் ஶகரம் சேர்ந்த பிறகு அதில் தொடங்கியும் எழுதுகிறார்கள். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவம், ஆனால் என்எஃப்சிக்கு வெவ்வேறு. ஸ்ரீதர், ஸ்ரீதேவி, ஸ்ரீநிவாசன் என்று பெயர் வைக்காத தெரு எங்கள் பக்கம் இல்லை என்பதால் இதை விட்டுவிட முடியாது.

சாவி ஒத்துப்போனால் கணக்கைத் தானாகச் சேர்த்துவிடலாமா என்று அண்ணாச்சி கேட்டார். கூடாது. இரண்டு கௌரிகள் இருக்க முடியும். சாவியும் போன் எண்ணும் ஒத்துப்போனால் திரையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டி, சேர்க்கலாமா என்று கேட்கும். சேர்ப்பது கடைக்காரர் பொறுப்பு.

வரிசைப்படுத்தலைப் பற்றிச் சொல்ல நிறைய இருந்தாலும் மூலப்பிழை ஒன்றுதான். யூனிகோட் அட்டவணையில் னகரம் நகரத்துக்கு அடுத்தும், றகரம் ரகரத்துக்கு அடுத்தும், ழகரம் ளகரத்துக்குப் பின்னும் இருக்கின்றன. நம் நெடுங்கணக்கு அப்படியன்று. குறியெண் வரிசையில் அடுக்கினால் பச்சரிசிக்கு அடுத்துப் பனங்கற்கண்டு வந்து, அதன் பிறகு பயறும் பருப்பும் பழமும் வரும். அகராதி முறையில் பனங்கற்கண்டுதான் கடைசி. புள்ளியின் குறியெண் உயிர்க்குறிகளுக்கெல்லாம் பின்னால் இருப்பதால் மெய்யெழுத்து கடைசிக்குப் போய்விடும். கம்புக்கு முன்னால் கமலா ஆரஞ்சு வருவது அதனால்தான். போஸ்ட்கிரஸ் 10ஆம் பதிப்பிலிருந்து, மொழிக்கேற்ப அடுக்கும் ஐசியூ என்ற நூலகத்தின் வரிசைமுறைகளை ஏற்கிறது. தமிழுக்கானதை அந்தப் பத்திக்கு அறிவித்தால் போதும். ஜாவாஸ்கிரிப்டில் லோகேல்கம்பேருக்குத் தமிழின் மொழிக்குறியைக் கொடுக்கலாம். எஸ்க்யூலைட்டில் இயல்பாக இந்த வசதி இல்லாததால், எழுத்துக்கு எழுத்து நெடுங்கணக்கு எண் கொடுத்து ஒரு வரிசைச்சாவி செய்து அதையும் ஒரு பத்தியில் வைத்தேன். அண்ணாச்சி இதைப் பாராட்டவில்லை. இதற்கு முன் வரிசை தவறாக இருந்ததை அவர் கவனித்திருக்கவும் இல்லை.

பெயர்ச் சரிபார்ப்பு விரைவில் முடியும் விஷயம். பெயரில் எழுத்துகள் மட்டுமே இருக்க வேண்டும் என்று அதற்கென்றே உள்ள ஐஎஸ்ஆல்ஃபாவால் சோதித்தால், ‘தமிழ்’ என்ற சொல்லையே பைத்தான் எழுத்தில்லை என்று சொல்லும். உயிர்க்குறிகளும் புள்ளியும் அதன் கணக்கில் எழுத்துகள் அல்ல, ஒட்டுகள். ஆர்ஈ மாட்யூலில் சொல் எழுத்தைக் குறிக்கும், பின்சாய்கோடும் சிறிய டபிள்யூவும் சேர்ந்த குறியைக் கொண்டு தேடினால் அதே சொல் ‘தம’, ‘ழ’ என்று இரண்டு துண்டாகக் கிடைக்கும். ஒட்டுக் குறிகளையும் சேர்த்து அனுமதிக்கும்படி எழுதலாம். நான் சரிபார்ப்பையே எடுத்துவிட்டேன். வெறுமையாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். மனிதர் பெயர் எப்படி இருக்க வேண்டும் என்று பில் மென்பொருள் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை.

தமிழ் தவறாகத் தெரிகிறது என்று யாராவது போன் செய்தால் நான் முதலில் கேட்பது, என்ன தெரிகிறது என்பதைத்தான். நோய் எது என்பது அதிலேயே பாதி தெரிந்துவிடும். தலையில் கோடு போட்ட சிறிய ஏயும், வட்டத்துக்குள் ஆரும் மாறி மாறி வந்தால் தரவு நலமாக இருக்கிறது; யூடிஎஃப்-8 பைட்டுகளை ஐரோப்பியக் குறியாக்கமாக யாரோ படிக்கிறார்கள். தணிக்கையாளர் சிஎஸ்வி கோப்பை எக்செலில் திறந்தபோது எங்களுக்கு வந்தது இதுதான். கோப்பை எழுதும்போது குறியாக்கத்தை யூடிஎஃப்-8-சிக் என்று கொடுத்தால், தொடக்கத்தில் மூன்று பைட் அடையாளம் சேர்ந்து எக்செல் சரியாகப் படிக்கும். வரிசையாகக் கேள்விக்குறிகள் வந்தால் கவலைப்பட வேண்டும். எழுதும்போதே தரவு போய்விட்டது, எதைக் கொண்டும் மீட்க முடியாது. எஸ்க்யூஎல் சர்வர் தரவுத்தளத்தில், யூனிகோடுக்கான என்வார்சார் வகையில் இல்லாத பத்தியிலோ, மேற்கோளுக்கு முன் என் என்ற ஆங்கில எழுத்தை வைக்காத வினவலிலோ தமிழை எழுதினால் இப்படி ஆகும். வெற்றுக் கட்டங்கள் வந்தால் எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். கருப்பு வைரத்துக்குள் ஒரே ஒரு கேள்விக்குறி, அதுவும் சரத்தின் கடைசியில் என்றால், யாரோ மூன்று பைட்டின் நடுவில் வெட்டியிருக்கிறார்கள். புள்ளிவட்டம் வந்தால் குறிகள் சேரக் கூடாத வரிசையில் சேர்ந்திருக்கின்றன; அதன் கதையை மேலே சொன்னேன்.

சோதனைக்கு நான் வைத்திருக்கும் கோப்பில் இப்போது நாற்பது சொச்சம் வரிகள் இருக்கின்றன. எட்டெழுத்துப் பேட்டைகள் மூன்றும், அவற்றில் கொருக்குப்பேட்டை இரண்டு விதமாகவும், இரண்டு கௌரி, இரண்டு ஸ்ரீதர், வெள்ளைப்பூண்டு, கெளுத்தி, லக்ஷ்மி, ஃபாத்திமா, ஜோசப், முன்னும் பின்னும் வெற்றிடம் ஒட்டிய ஒரு மணி. ஆங்கிலத்தில் எழுதிய சோதனைத் தரவை எடுத்துவிட்டு இதை வைத்த அன்றே, பகல் வேலையில் உள்ள ஒரு நிரலில்கூட மூன்று பிழைகள் விழுந்தன.

கடைசி வரியைப் போன மாதம்தான் சேர்த்தேன். சாமான் கொண்டுபோகும் பையனுக்குத் தெருவின் கதவெண் வரிசையில் பட்டியல் கொடுக்கிறேன்; கதவெண்ணை இன்ட்டால் எண்ணாக்கிப் பார்த்து, முடியாவிட்டால் முன்னால் உள்ள இலக்கங்களை மட்டும் எடுத்துக்கொள்ளும் நிரல். 12அ என்ற வீடு 12ஐ அடுத்து வர வேண்டும். அன்று அது தெருவின் கடைசியில், 128க்குப் பக்கத்தில் வந்தது; பையன் 128ஆம் எண் வாசலில் அரிசி மூட்டையோடு நின்று போன் செய்தான். பெயரைச் சேர்த்தவர் போன் விசைப்பலகையில் அகரத்துக்குப் பதிலாக, பார்வைக்கு ஏறக்குறைய அதே வடிவில் இருக்கும் தமிழ் இலக்கம் எட்டைத் தட்டியிருக்கிறார். பைத்தானின் இன்ட்டுக்குத் தமிழ் இலக்கங்கள் தெரியும். 12௮ என்பதை அது 128 என்று சரியாகவே படித்திருக்கிறது. இப்போது கதவெண்ணில் தமிழ் இலக்கம் வந்தால், சேமிக்கும் முன் அகரமா எட்டா என்று திரை கேட்கிறது.